யஜமான்ரு

நேற்றுக் காலை பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை, மடியில் டிபன் பை. அவர் உட்கார்ந்த மறு நிமிடம் அந்த வாடை வந்தது. லேத்தில் ஊற்றும் கூலன்ட் வாடை. பாலும் இரும்பும் சேர்ந்து புளித்த மாதிரி இருக்குமே, எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாதே, அதேதான். என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் முகத்தை இன்னும் முன்னால் கொண்டுபோனேன். நான் இறங்க வேண்டிய ரவுண்டானாவில் கண்டக்டர் இரண்டு முறை கத்தியும் எழுந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய், அந்த மனிதர் இறங்கிப் போன பிறகு இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தேன். எதற்காகக் கிருஷ்ணகிரிக்குப் போனேன் என்பதே மறந்துவிட்டது.

இன்று வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள். மருமகனின் பழைய டைரியில் வெற்றுத் தாள்களாகப் பார்த்துக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் மடல் இது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க முடியாது. தமிழ் பேசுவீர்கள், திட்டினால் இன்னும் நன்றாகவே புரிந்துகொள்வீர்கள், எழுத்து மட்டும் வராது. பஸ் போர்டில் 'ஓசூர்' என்ற மூன்று எழுத்தை உருவம் பார்த்துக் கண்டுபிடிப்பதோடு சரி. எனக்கோ உங்கள் கன்னட எழுத்து ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கும். ஆறு வருடப் பழக்கத்தில் நமக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது எழுதுகிறேன் பாருங்கள், நல்ல நேரம் பார்த்து.

உங்கள் ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வந்த நாலாம் வருடமே வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பி அண்ணன்மார் வாசலில் நிற்க மனமில்லாமல், ஓசூரிலேயே ஒற்றை அறையில் மகள் செல்வியை வைத்துக்கொண்டு, ஒரு பெரிய கம்பெனியில் கான்ட்ராக்டில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தேன். அங்கே ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். யாரோ சொல்லி, தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் தகரக் கூரை போட்ட உங்கள் ஷெட்டுக்கு வந்தேன். ஐந்து லேத், எட்டு ஆட்கள், ஒரு ஓனர். ஓனருக்கு ஐம்பத்தேழு வயது. மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறதென்றும், ஒரே மகன் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, காலை எட்டுக்கெல்லாம் பஸ் ஏறி, தமிழ்நாட்டுக்குள் வந்து ஷட்டரைத் தூக்குவீர்கள்.

சேர்ந்த மூன்றாம் நாளே நமக்குள் சண்டை. நாம் செய்தது புஷ். சின்ன இரும்பு வளையம், நடுவில் துளை. துளை சரியா என்று பார்க்க ஒரு கேஜ் உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அன்று ஒரு ட்ரே முழுக்கப் போகக் கூடாத முனை தாராளமாகப் போயிற்று. நான் ட்ரேயில் சிவப்புப் பெயின்டைப் பூசிவிட்டேன். நீங்கள் ஓடி வந்தீர்கள்.

"அம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

"மாடியா? இந்தத் தகர ஷெட்டுக்கு ஏது சார் மாடி?"

மாடி என்றால் செய்யுங்கள் என்று புரிந்தேதான் கேட்டேன், வம்புக்கு. லேத்தில் நின்ற முனியப்பா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"கொஞ்சம் பெருசு தானே அம்மா, ஹோகலி விடுங்க."

"கேஜ் அட்ஜஸ்ட் பண்ணாது சார். கஸ்டமர் திருப்பி அனுப்புனா நீங்கதான் தலையில கைய வைக்கணும். நான் இல்ல."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, கையிலிருந்த பனியன் வேஸ்டால் துடைத்தீர்கள். எண்ணெயில் ஊறிய அந்தத் துணியால் துடைத்தால் கண்ணாடி இன்னும் மங்கத்தான் செய்யும். ஆனால் யோசிக்க வேண்டுமென்றால் உங்களுக்கு அதைச் செய்தாக வேண்டும். மங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "சரி, ரிஜெக்ட்" என்றீர்கள். பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். "அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. இந்த அம்மா ஹத்ர நம்ம ஆட்டம் நடக்கல்ல."

அடுத்தது கருவாடு. உங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? டிபனைத் திறந்தேன், நீங்கள் உங்கள் ராகி முத்தையை, அந்தக் களி உருண்டையை, எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டீர்கள். ஒரு வாரம் கேட் பக்கமே சாப்பாடு. முனியப்பா காதில் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்து கருவாட்டை நிறுத்தினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்து கேட்டீர்கள்.

"ஏன் அம்மா, இப்ப மீனு இல்லவா?"

"உங்க மூக்குக்காக நிறுத்திட்டேன் சார்."

"மூக்கு நம்து. வாய் உங்க்து. நீங்க தின்னுங்க."

மறுநாள் கைக்குட்டையை மூக்கோரம் வைத்துக்கொண்டு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது உங்களுக்கு. எனக்காக ஒரு ஆண்பிள்ளை சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அன்று கருவாடு இறங்கவில்லை எனக்கு.

அந்தச் சாப்பாட்டு நேரங்களில்தான் கன்னடம் படித்தேன். பதினாலு வருடம் ஓசூரில் இருந்தும் எங்கள் தெரு முழுக்க மதுரை, விருதுநகர் ஆட்களாகவே இருந்ததால் கடைக்கன்னடம் நாலு வார்த்தையோடு நின்றிருந்தது. நீங்கள் கற்றுக்கொடுத்த அழகும் அப்படி. ஒருநாள் கனமான ட்ரேயை நான் தூக்கப் போக, நீங்கள் வந்து மறு பக்கம் பற்றிக்கொண்டு "பிடி, பிடி" என்றீர்கள். கன்னடத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று அர்த்தமாம். நான் தமிழ்ப் பெண், பிடி என்றால் பிடிப்பேன். நீங்கள் சத்தமாகச் சொல்லச் சொல்ல நான் இறுகப் பிடிக்க, ட்ரே கவிழ்ந்து இருநூறு புஷ்ஷும் தரையெல்லாம் உருண்டன. இரண்டு பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். எனக்கு மூட்டு வலி, உங்களுக்கு இடுப்பு வலி. எழுந்திருக்க ஒருவர் கையை ஒருவர் பற்ற வேண்டியிருந்தது.

எனக்குப் படிப்பு ஏழாவதோடு நின்றாலும் சூத்திரம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. கன்னடக்காரர்கள் மரியாதைக்கு எல்லாச் சொல்லோடும் 'ரு' சேர்ப்பதைக் கவனித்தேன். வாத்தியார் மேஷ்ட்ரு. டாக்டர் டாக்டரு. இனி தமிழ்ச் சொல்லோடு ரு சேர்த்தால் கன்னடம் தயார் என்று முடிவு கட்டினேன். என்னைக் கவிழ்த்தது இந்தச் சூத்திரம்தான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு லேத்துகளைத் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, ஷெட்டே கல்யாண வீடாக இருந்தது. அத்திப்பள்ளியிலிருந்து உங்கள் அக்கா வந்திருந்தார். அவர் வீட்டுக்கு ராமநகரத்திலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு வயதான அம்மாவும் கூட வந்திருந்தார். அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. நான் இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றுக் கீற்றோடு, பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி நின்றீர்கள். அந்த அம்மா உங்களைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"அவரு யாரு?"

நமக்குத் தெரிந்த கன்னடத்தைக் காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? முதலாளி என்று சொல்ல வேண்டும். முதலாளி என்றால் எஜமான். எஜமானோடு ரு.

"அவரா? அவரு நம்ம யஜமான்ரு" என்றேன், பெருமையாக.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. என் நெற்றியைப் பார்த்ததும் சுருங்கியது. "குங்குமா இல்வா? ஹப்பத தினா!" என்று, பண்டிகை நாளும் அதுவுமாக இப்படியா என்று செல்லமாக அதட்டி, பூஜைத் தட்டிலிருந்த மஞ்சளை என் கன்னத்தில் தடவி, குங்குமத்தை எடுத்து நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டார். நான் தடுக்கக் கையைத் தூக்கினேன். வேண்டாம், நான் தாலி அறுத்தவள் என்று சொல்ல என்னிடம் கன்னடம் இல்லை. கன்னடம் தெரிந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே வந்தீர்கள்.

"ஏனு ஹேளிதிரி அம்மா? என்ன சொன்னீங்க?"

"எங்க ஓனருன்னு சொன்னேன் சார். நம்ம யஜமான்ருன்னு."

முனியப்பாதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "அக்கா, கன்னடத்துல பொம்பளைங்க நம்ம யஜமான்ருன்னா, வூட்டுக்காரருன்னு அர்த்தம்க்கா."

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். பூசணிக்காயைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், உங்கள் அக்காவைத் தவிர. அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் நீங்கள் சிரித்தீர்களே ஒழிய, அந்த விருந்தாளி அம்மாவிடம் "இல்லை" என்று சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் பூசணிக்காயை உடைத்தீர்கள்.

நான் பின்பக்கக் குழாயடிக்கு ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாட்டுக்கு ஓட, நின்றேன். பத்து வருடம் கழித்து நெற்றியில் ஒரு ஈரம். கழுவத்தான் போனேன், கழுவவில்லை. சாயங்காலம் வரை அப்படியே வேலை பார்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுத் தெரு வந்ததும் செல்வி பார்ப்பதற்கு முன்னால் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. நம் வயதில் என்ன நடக்கும்? உங்களுக்குச் சர்க்கரை, எனக்கு மூட்டு. மாத்திரை போட்டீர்களா என்று நான் கேட்பேன், படியைப் பார்த்து இறங்குங்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். செல்போன் வாங்கிய புதிதில், வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பீர்கள். இரண்டு என்றால் பேச வேண்டும் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலில் நீங்கள் முன்னால், நான் பத்துப் படி பின்னால். உச்சியில் நின்று ஊரைப் பார்ப்போம். கம்பெனிப் புகை எது, மழை மேகம் எது என்று பந்தயம் கட்டுவோம். அந்த இரண்டு மூன்று வருடங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை நேராக ஒரு தடவைகூட உங்களிடம் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் கிடையாது.

பிறகு காவிரிக்காக இரண்டு பக்கமும் பஸ் நின்ற நாட்கள் வந்தன. அத்திப்பள்ளியோடு அவர்கள் வண்டி நின்றது, ஓசூரோடு நம் வண்டி நின்றது. ஷெட் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை இரண்டு மிஸ்டு கால். என் செல்லில் காசில்லை, பூத்துக்கு ஓடிப்போய்ப் பேசினால், "நான் நடந்து வர்றேன். கன்னடக்காரன் ஷெட்டுன்னு யாராவது கல்லு போட்ருப்பாங்க, நோடணும்" என்றீர்கள். ஷெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, முனியப்பா காவலுக்கு இருக்கிறார், வராதீர்கள் என்றேன். வைத்துவிட்டீர்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி வரை போனேன். கூட்டம் கூட்டமாக லாரிகள் ஓரத்தில் நிற்க, அந்தப் பெரிய ரோடு வெறிச்சென்று கிடந்தது. தூரத்தில் தலையில் துண்டும் கையில் குடையுமாக நீங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தீர்கள். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்க, குடையால் என்னைக் காட்டினீர்கள்.

சேர்ந்து ஓசூரை நோக்கி நடந்தோம். ரோட்டின் நடுவிலேயே நடந்தோம், ஒரு வண்டியும் இல்லாததால். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"மனெகெ பர்த்தியா?"

வீட்டுக்கு வருகிறாயா. அதுவரை என்னிடம் மரியாதையாகவே பேசியவர் நீங்கள். பர்த்தீரா என்று கேட்கவில்லை, பர்த்தியா என்றீர்கள். சூத்திரம் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் மனசில் அருப்புக்கோட்டை வந்துவிட்டது. அண்ணன்மார் வந்தார்கள், மதினிமார் வந்தார்கள், 'ஓனரை வளைச்சுப் போட்டுட்டாளாமே' என்று எங்கள் தெருப் பெண்கள் வந்தார்கள்.

"செல்வி கல்யாணம் முடியட்டும். அவ கிட்டப் பேசணும்" என்றேன்.

"ஆய்த்து" என்றீர்கள். சரி என்பதற்கும், முடிந்தது என்பதற்கும் உங்கள் மொழியில் அந்த ஒரே சொல்தான்.

செல்வி கல்யாணம் மறு வருடம் கிருஷ்ணகிரியில் நடந்தது. மாப்பிள்ளை பர்கூரில் கிரானைட் பாலிஷ் கம்பெனியில் சூப்பர்வைசர். நீங்கள் வெள்ளைச் சட்டையில் வந்து, நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தீர்கள். சம்பந்தியம்மா யார் என்று விசாரித்தபோது, "எங்க ஓனர், தங்கமான மனுசர்" என்றேன். நீங்கள் எழுந்து கும்பிட்டீர்கள். பந்தியில் நான் பரிமாற வந்தபோது இலையைப் பார்த்துக்கொண்டே, "ஈக ஆய்த்தா?" என்று கேட்டீர்கள். இப்போது முடிந்ததா. "தலைதீபாவளி போகட்டும்" என்றேன். தலைதீபாவளி போனது. செல்வி உண்டானாள். "பிள்ளை பிறக்கட்டும்" என்றேன். நீங்கள் கோபப்பட்டிருந்தால்கூட நான் பயந்து சரி என்றிருப்பேனோ என்னவோ. கண்ணாடியைத்தான் துடைத்தீர்கள். பொறுமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

பிள்ளை பிறந்த இருபதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. முதல்நாள் சாயங்காலம் உங்கள் மிஸ்டு கால் வரவில்லை. மறந்துவிட்டார் மனுஷன் என்று எரிச்சல்பட்டேன். காலையில் ஷெட்டுக்குப் போனால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது, வாசலில் முனியப்பா நின்றிருந்தார். நெஞ்சு வலியாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் பார்த்தார்களாம்.

மற்ற ஆட்களோடு வேன் பிடித்து அத்திப்பள்ளிக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்றுதான். வாருகோலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தீர்கள். அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடி இல்லாத உங்கள் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் சுவரோரமாக உட்கார்ந்தேன். உங்கள் மருமகள் அழுதாள். நான் அழக் கூடாது, யாரிந்தப் பெண் என்று கேட்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்படியும் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கேட்டுவிட்டார்.

"நீவு அவரிகெ ஏனாக்பேகு?"

நீங்கள் அவருக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் 'அவுக உங்களுக்கு என்ன வேணும்' என்போம். உறவு கேட்கிற கேள்விதான். உங்கள் அக்கா எதிரில் இருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

"நானு அவர ஷெட்டல்லி கெலச மாடோளு" என்றேன். அவர் ஷெட்டில் வேலை செய்கிறவள்.

ஒரு பிழையும் இல்லாத கன்னடம். நீங்கள் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பீர்கள். அந்த அம்மா "ஓ" என்று தலையாட்டிவிட்டு, சொந்தக்காரப் பெண்கள் உட்கார இடம் வேண்டுமென்று என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். தள்ளி உட்கார்ந்தேன். உங்கள் அக்கா மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். அன்று ஆயுத பூஜையில் நீங்கள் திருத்தவில்லை, இன்று அவரும் திருத்தவில்லை.

உங்கள் மகன் நல்ல பிள்ளை. ஆட்களுக்கெல்லாம் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் ஷெட்டைக் கைமாற்றினார். எனக்கு இனி வேறு ஓனரிடம் கேஜ் பிடிக்க மனம் இல்லை. செல்வி கூப்பிட்டாள், பர்கூர் வந்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. இந்தத் தெருவில் தெலுங்கு பேசுகிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். கன்னடம் காதில் விழுவதில்லை. பேத்தி தூங்கும்போது மெல்ல "ஊட்டா ஆய்த்தா" என்று, சாப்பாடு ஆயிற்றா என்று, நானே கேட்டுப் பார்ப்பேன். எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் மாதக் கணக்கில் ஆள் வந்து துக்கம் விசாரிக்கும். எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு, கடைசியாக என்ன சாப்பிட்டாக என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள், சொல்லிச் சொல்லியே பாதி துக்கம் கரையும். முதல் சாவுக்கு எனக்கு அப்படி ஊரே வந்தது. உங்களுக்காக என்னிடம் ஒருவரும் வரவில்லை. யாரிடம் போய் வரச் சொல்வது?

நேற்று வெயிலில் அலைந்து வீட்டுக்கு வந்தபோது செல்வி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்குது?"

"பஸ்ல ஒரு ஆளு. கூலன்ட் வாடை. எங்க சார் ஞாபகம் வந்துருச்சு."

அவள் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ அந்த சாரைக் கட்டிக்குவேன்னு நெனச்சேம்மா" என்றாள்.

இவளுக்கு எப்படித் தெரியும்? முந்தானையில் இருந்த குங்குமத்தைத் துவைத்தவள் அவள்தானே. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

"உனக்காகத்தான்டி… உன் கல்யாணம், உன் மாமியார் வீடு…"

"எனக்காகவா? நான் வேணாம்னு என்னிக்காச்சும் சொன்னனா? நீ என்கிட்ட ஒரு வாட்டியாச்சும் கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. 'செல்வி கிட்டப் பேசணும்' என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு நாளும் பேசவில்லை. பேசினால் அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன் போலிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டால், பிறகு நான்தானே துணிய வேண்டும். பெற்ற மகளைச் சாக்காக வைத்து உங்களை மூன்று வருடம் நிற்க வைத்தேன். நீங்கள் அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. குறை அவளிடம் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செல்வி கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்கு எதிரில் வந்து, துக்க வீட்டில் உட்காருவது போலக் காலை மடக்கி உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா ஆச்சு? மொதல்லருந்து சொல்லு."

சொன்னேன். கேட்டவுடன் அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னேன். ட்ரேயை இழுத்த கதையைச் சொன்னேன், கருவாட்டைச் சொன்னேன், வெறிச்சென்ற ரோட்டைச் சொன்னேன். யஜமான்ரு கதைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்து அழுதாள். குழந்தை எழுந்து வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. உங்கள் வீட்டு வாருகோல் கதவுக்குப் பின்னால் இருந்ததைக்கூடச் சொன்னேன். எல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க போய் அவ்வளவு நேரம் ஒக்காந்திருந்தியே, உன்னை யாரும் யாருன்னு கேக்கலயாம்மா?"

"யாரும் கேக்கலடி" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நல்லவேளை என்றுகூடச் சொன்னாள். அந்த அம்மா கேட்டதும் நான் மறைத்துச் சொன்னதும் தெரிந்தவர்கள் உங்கள் அக்காவும் நானும்தான். அப்புறம் நீங்கள். மூன்றடி தள்ளித்தானே படுத்திருந்தீர்கள்.